எழுதிக் காசு பார்க்கலாம்... ஆனால் யாரிடம்?

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. இண்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. முதல் மாதம் சினிமாப் பாட்டு, இரண்டாம் மாதம் மாமா வீட்டுக் கல்யாண போட்டோக்கள் என்று ஓடிவிடும். மூன்றாம் மாதம் வீட்டில் யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார். "இவ்வளவு காசு போட்டு வாங்கினோமே, இதை வைத்து நாலு காசு சம்பாதிக்க வழி இல்லையா?"

நான் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் இன்ஜினியர். வார இறுதிகளில் பத்திரிகைகளுக்கும் இணையதளங்களுக்கும் கம்ப்யூட்டர் கட்டுரைகள் எழுதுகிறேன். அதற்குச் சன்மானமும் வருகிறது. இது தெரிந்த உறவினர்களும் நண்பர்களும் என்னைப் பார்த்தால் கேட்கும் முதல் கேள்வி, "எழுதினால் காசு கொடுக்கிறார்களாமே, எங்கே கேட்க வேண்டும்?" என்பதுதான்.

கொடுக்கிறார்கள். ஆனால் "எங்கே கேட்பது?" என்பதற்கு முன்னால் இன்னொரு கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. அந்த இடத்துக்குப் பணம் யாரிடமிருந்து வருகிறது? வாசகரிடமிருந்தோ, விளம்பரதாரரிடமிருந்தோ, பொருள் வாங்கும் வாடிக்கையாளரிடமிருந்தோ வருகிறது என்றால் உங்கள் கட்டுரைக்கு அங்கே மதிப்பு உண்டு. எழுத வருபவர்களிடமிருந்தே வருகிறது என்றால் அங்கே நீங்கள் எழுத்தாளர் அல்ல, வாடிக்கையாளர். இந்த ஒரு வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதி ஏமாற்று வேலைகளிலிருந்து தப்பித்துவிடலாம்.

ரெஜிஸ்ட்ரேஷன் பீஸ்

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். பி.காம். படித்தவர். குழந்தைகள் பள்ளிக்குப் போன பிறகு பகலில் நேரம் இருக்கிறது. "வீட்டிலிருந்தே கன்டென்ட் ரைட்டிங், டேட்டா என்ட்ரி. மாதம் 25,000 ரூபாய்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. ரெஜிஸ்ட்ரேஷன் பீஸ் 1,800 ரூபாய் கட்டினார். ஒரு ஒப்பந்தம் அனுப்பினார்கள், அதில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். பத்து நாட்கள் உட்கார்ந்து வேலையை முடித்து அனுப்பினார். "உங்கள் வேலையில் தவறுகள் அதிகம், ஒப்பந்தப்படி நஷ்டஈடு கட்ட வேண்டும்" என்று பதில் வந்தது. அடுத்த வாரம் வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒரு பிடிஎப் பைல் போனுக்கு வந்தது. பாவம், அந்த அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லவும் பயம்.

இது அவர் ஒருவருக்கு மட்டும் நடந்ததல்ல. நாடு முழுக்க இதே முறையில் பலரை ஏமாற்றியிருக்கிறார்கள். முதலில் சிறிய தொகை, பிறகு யாராலும் முடிக்க முடியாத வேலை, கடைசியில் மிரட்டல். அவர்களுக்கு லாபமே அந்த மிரட்டலில்தான்.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் மூன்று விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, வக்கீல் நோட்டீஸ் வேறு, கோர்ட் உத்தரவு வேறு. நோட்டீஸைப் பார்த்தவுடன் பணம் கட்ட வேண்டிய அவசியம் இல்லை. இரண்டு, அவர்கள் அனுப்பிய மெசேஜ், பணம் கட்டிய ரசீது எதையும் அழிக்காதீர்கள். மூன்று, 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சைபர் மோசடிகளுக்கென்று மத்திய அரசு வைத்திருக்கும் உதவி எண் இது. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். பணம் போன உடனே புகார் கொடுத்தால், அது கைமாறுவதற்குள் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.

"அப்படியானால் பணம் கேட்பவர் எல்லோரும் மோசடிக்காரர்களா?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. அப்வொர்க் போன்ற ப்ரீலான்ஸ் சந்தைகள் உண்மையானவை. 1999-ல் தொடங்கிய ஈலான்ஸ் நிறுவனமும் ஓடெஸ்க் நிறுவனமும் ஒன்றாகி, 2015-ல் அப்வொர்க் என்று பெயர் மாறியது. அங்கே ஒரு வேலைக்கு விண்ணப்பிக்க 'கனெக்ட்ஸ்' என்ற டோக்கன்கள் வேண்டும். தீர்ந்துபோனால் காசு கொடுத்து வாங்க வேண்டும். வேலை கிடைத்தால் வருமானத்தில் கமிஷனும் உண்டு. சந்தையில் கடை போட்டால் வாடகை கொடுப்பதில்லையா, அது மாதிரி. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் புதிதாக எழுத வருபவர் உலகம் முழுவதிலுமிருந்து வரும் ஆயிரக்கணக்கானவர்களோடு விலையைக் குறைத்துக் குறைத்துப் போட்டி போட வேண்டியிருக்கும். அதனால் முதல் முயற்சிக்கு அது ஏற்ற இடமில்லை என்பது என் அபிப்பிராயம். நேராகப் பத்திரிகை ஆசிரியரிடம் போவதே மேல்.

வார்த்தைக்கு இத்தனை பைசா

"நாங்கள் தலைப்பு தருகிறோம், நீங்கள் 500 வார்த்தை எழுதுங்கள், வார்த்தைக்கு இத்தனை பைசா" என்பது இன்னொரு வகை. இதில் மோசடி இல்லாமலும் இருக்கலாம். ஆனால் எதிர்காலம் இல்லை. ஏன் என்பதற்கு இதன் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

2000-களில் அமெரிக்காவில் அசோசியேட்டட் கன்டென்ட் போன்ற நிறுவனங்கள் இப்படித்தான் வளர்ந்தன. கூகுளில் மக்கள் எதைத் தேடுகிறார்கள் என்று பார்த்து, அந்தத் தலைப்பில் மலிவாகக் கட்டுரைகள் எழுதி வாங்கி, பக்கத்தில் விளம்பரம் போட்டுச் சம்பாதித்தார்கள். 2010-ல் யாஹூ அந்த நிறுவனத்தை வாங்கியது. 2011 பிப்ரவரியில் கூகுள் தன் தேடல் முறையில் 'பாண்டா' என்று அழைக்கப்பட்ட மாற்றத்தைக் கொண்டுவந்தது. சரக்கு இல்லாத பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளுவதே அதன் வேலை. அமெரிக்கத் தேடல்களில் 11.8 சதவீதத்தில் இதன் விளைவு தெரியும் என்று கூகுளே அறிவித்தது. 2014-ல் யாஹூ அந்தச் சேவையை மூடிவிட்டது. அதை நம்பி எழுதிக்கொண்டிருந்தவர்கள் வேறு இடம் தேடிப் போனார்கள்.

மீதி இருந்ததையும் சாட்ஜிபிடி எடுத்துக்கொண்டது. 2022 நவம்பர் 30-ல் அது வந்த பிறகு, பொதுவான தலைப்பில் 500 வார்த்தை வேண்டும் என்றால் அரை நிமிடத்தில் கிடைத்துவிடுகிறது. அதற்கு யார் பணம் கொடுப்பார்கள்?

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சிநெட் என்ற பிரபலமான தொழில்நுட்ப இணையதளம், இயந்திரத்தை வைத்து எழுதிய 77 கட்டுரைகளை வெளியிட்டது. 2023 ஜனவரியில் அவற்றை மறுபடி சரிபார்த்தபோது 41 கட்டுரைகளில் திருத்தம் போட வேண்டியிருந்தது. வட்டிக் கணக்கைக்கூடத் தப்பாகப் போட்டிருந்தது இயந்திரம். படிக்க நன்றாகத்தான் இருந்தன, ஆனால் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தவர் யாரும் இல்லை. அடுத்த மாதமே கிளார்க்ஸ்வேர்ல்ட் என்ற அறிவியல் புனைகதை இதழ், இயந்திரம் எழுதிய கதைகள் குவிந்ததால் படைப்புகள் வாங்குவதையே சில வாரங்கள் நிறுத்தி வைத்தது.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான். கோர்வையாக எழுதத் தெரிவதற்கு மட்டும் இன்று விலை இல்லை. செய்து பார்த்து, சரிபார்த்து எழுதியதற்கு விலை இருக்கிறது. முன்பைவிட அதிகமாகவே இருக்கிறது.

உங்களிடம் என்ன சரக்கு இருக்கிறது?

"நான் போன மாதம்தான் கம்ப்யூட்டர் வாங்கினேன். எனக்கு என்ன தெரியும், நான் என்ன எழுதுவது?" என்று தயங்காதீர்கள். உங்களுக்குக் கம்ப்யூட்டர் புதிதாக இருக்கலாம். நீங்கள் செய்யும் தொழில் புதிதல்லவே!

மளிகைக் கடை வைத்திருப்பவர் கடன் நோட்டை எக்ஸெலுக்கு மாற்றிய கதையை எழுதலாம். தமிழாசிரியர், வினாத்தாளை ஒரு கம்ப்யூட்டரில் டைப் செய்து வேறு கம்ப்யூட்டரில் திறந்தபோது எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக மாறியதையும், அதை எப்படிச் சரி செய்தார் என்பதையும் எழுதலாம். தையல் கடை அக்கா அளவுகளையும் வாடிக்கையாளர் பெயரையும் பதிந்து வைக்கும் முறையை எழுதலாம். என்னைப் போன்ற இன்ஜினியருக்கு எக்ஸெல் பார்முலா தெரியும். ஆனால் மளிகைக் கடையில் ஒரே பெயரில் நான்கு முருகேசன் இருப்பார்கள், அவர்களைப் பிரித்துக் காட்ட ஊர்ப்பெயரோடு அடைமொழியும் வேண்டும் என்பது தெரியாது. அந்த விவரம் கடைக்காரரிடம்தான் இருக்கிறது. ஆசிரியர்கள் தேடுவது அந்த மாதிரி விவரங்களைத்தான்.

தொழிலையும் எழுத்தையும் ஒன்றாகக் கொண்டுபோவதற்கு நம்மிடம் பெரிய முன்னுதாரணமே இருக்கிறது. சுஜாதா பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டேதான் எழுதினார். 'ஏன்? எதற்கு? எப்படி?' பகுதியில் வாசகர்களின் அறிவியல் சந்தேகங்களுக்கு எளிய தமிழில் பதில் சொன்னார். அவர் மாதிரி எழுத எல்லோராலும் முடியாது. ஆனால் வேலையில் கற்றதைப் பக்கத்து வீட்டுக்காரருக்குப் புரியும்படி சொல்ல எல்லோரும் முயலலாம்.

எங்கே தேடுவது?

முதலில் அச்சுப் பத்திரிகைகள். நீங்கள் எழுத விரும்பும் பத்திரிகையின் கடைசி மூன்று இதழ்களை வாங்குங்கள். ஆசிரியர், அச்சிடுவோர் பெயர் போட்டிருக்கும் கட்டத்தைப் பாருங்கள். அதில் உள்ள பெயர்களில் வராத கட்டுரைகள் எவை என்று பேனாவால் டிக் செய்யுங்கள். அவைதான் வெளியிலிருந்து வாங்கியவை. அவை எத்தனை வார்த்தை, எந்தப் பகுதியில் வருகின்றன என்று குறித்துக்கொண்டால், உங்களுக்கு அங்கே எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். எல்லாமே உள்ளே இருப்பவர்களே எழுதியவை என்றால், அந்தப் பத்திரிகையை விட்டு அடுத்ததைப் பாருங்கள்.

இரண்டாவது, இணையதளங்கள். பக்கத்தின் அடிப்பகுதி வரை போனால் 'எங்களுக்கு எழுத' என்ற இணைப்பு சிலவற்றில் இருக்கும். ஆங்கிலத்தில் எழுத வருமென்றால், கூகுளில் 'ரைட் பார் அஸ்' என்ற சொற்களை ஆங்கிலத்தில் இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் டைப் செய்து, பக்கத்தில் உங்கள் துறையின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். நிறைய முகவரிகள் வரும். இங்கேயும் நான் முதலில் சொன்ன கேள்வியைக் கேளுங்கள். வருகிற பக்கங்களில் பல, 'கெஸ்ட் போஸ்ட்' என்ற பெயரில் எழுதுபவரிடமே காசு வாங்கிக்கொண்டு அவருடைய இணையதளத்துக்கு லிங்க் கொடுப்பவை. அவற்றைத் தாண்டிப் போய்விடுங்கள்.

உண்மையாகவே பணம் கொடுப்பவற்றுக்கு இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன். லினக்ஸ் பற்றி 1998 முதல் வரும் எல்டபிள்யூஎன் என்ற இணையதளம், வெளியார் கட்டுரைகளுக்குப் பணம் கொடுக்கிறது. அதற்கு வருமானம் சந்தாதாரர்களிடமிருந்து வருகிறது. வெப்சைட் வடிவமைப்பு பற்றி 2006 முதல் ஜெர்மனியிலிருந்து வரும் ஸ்மாஷிங் மேகசினும் எழுத்தாளர்களுக்குப் பணம் தருகிறது. எப்படி எழுத வேண்டும், எப்படி அனுப்ப வேண்டும் என்ற விதிமுறைகளை இரண்டுமே தங்கள் தளத்தில் வைத்திருக்கின்றன. இரண்டும் கடினமான இடங்கள்தான். புதியவர்கள் உடனே அங்கே எழுதிவிட முடியாது. ஆனால் அந்த விதிமுறைகளைப் படித்துப் பார்த்தால், ஒரு நல்ல ஆசிரியர் எதை எதிர்பார்ப்பார் என்பது இலவசமாகவே கற்றுக்கொள்ளக் கிடைக்கும்.

மூன்றாவது இடத்தைப் பலரும் யோசிப்பதில்லை. உங்கள் ஊரிலேயே பில்லிங் சாப்ட்வேர், சிசிடிவி கேமரா, பயோமெட்ரிக் கருவி விற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய யூசர் மேனுவல் ஆங்கிலத்தில் இருக்கும். வாங்கியவர் ஒவ்வொரு சந்தேகத்துக்கும் போன் செய்வார். நான் ஒரு பில்லிங் சாப்ட்வேர் வியாபாரிக்கு நான்கு பக்கத்தில், படங்களோடு தமிழ்க் குறிப்பேடு ஒன்று எழுதிக் கொடுத்தேன். எந்தப் பத்திரிகைச் சன்மானத்தையும்விட அதிகமாகவே கொடுத்தார். காரணம் எளிது. "பில்லில் தேதி மாறி வருகிறதே" என்று தினமும் வந்துகொண்டிருந்த போன்கள் குறைந்துவிட்டன. என் எழுத்தால் அவருக்கு என்ன மிச்சம் என்று அவரால் கணக்குப் போட முடிந்தது.

சொந்தமாக இணையதளம் தொடங்கி விளம்பர வருமானம் பார்க்கலாமே என்பார்கள் சிலர். கூகுளின் ஆட்சென்ஸ் சேவை 2018 பிப்ரவரியில் தமிழுக்கும் வந்துவிட்டது உண்மைதான். ஆனால் விளம்பரத்தில் காசு வர பெரும் கூட்டம் தேவை. நீங்கள் எழுதியவற்றை ஆசிரியர்களுக்குக் காட்டும் இடமாக அதை வைத்துக்கொள்ளுங்கள். வருமானத்துக்கு நம்பாதீர்கள்.

ஆசிரியருக்கு ஒரு கடிதம்

முழுக் கட்டுரையையும் எழுதி, நான்கு பத்திரிகைகளுக்கு ஒரே ஈமெயிலில் அனுப்புவது கூடாது. முதலில் ஒரு சிறிய கடிதம் எழுதிக் கேளுங்கள். இப்படி இருக்கலாம்:

"மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். நான் திருமங்கலத்தில் 12 ஆண்டுகளாக மளிகைக் கடை நடத்துகிறேன். கடந்த ஆறு மாதங்களாக 140 வாடிக்கையாளர்களின் கடன் கணக்கை எக்ஸெலில் வைத்திருக்கிறேன். சிறு கடைக்காரர்கள் தாங்களே இதைச் செய்துகொள்ளும்படி, படிப்படியாக, ஐந்து திரைப் படங்களுடன் 800 வார்த்தைகளில் ஒரு கட்டுரை தர விரும்புகிறேன். சென்ற இதழில் எக்ஸெல் அறிமுகக் கட்டுரை வந்திருந்தது. இது அதன் தொடர்ச்சியாக அமையும். தங்கள் ஒப்புதல் கிடைத்தால் பத்து நாட்களில் அனுப்புகிறேன். சன்மானம் பற்றிய விவரத்தையும் தெரிவிக்க வேண்டுகிறேன்."

இந்தக் கடிதத்தில் எழுதுபவர் யார், எதைச் செய்திருக்கிறார், வாசகருக்கு என்ன பயன், எவ்வளவு நீளம், எப்போது கிடைக்கும் என்று எல்லாம் இருக்கிறது. "எழுத்து என் உயிர்" என்ற வரி இல்லை. அது ஆசிரியருக்குத் தேவையும் இல்லை. இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவுபடுத்துங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த பத்திரிகைக்கு எழுதுங்கள்.

கட்டுரையை யூனிகோட் தமிழில் டைப் செய்யுங்கள். பழைய எழுத்துருக்களில் அடித்தால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துக்களும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். தமிழ்99 விசைப்பலகையைத் தமிழக அரசு 1999-ல் ஏற்றுக்கொண்டது. இன்றைய விண்டோஸில் அது உள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸ் பகுதியில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்' சென்று தமிழைச் சேர்த்துக்கொண்டால் போதும், தனி சாப்ட்வேர் தேவையில்லை. திரையைப் படம் பிடிக்க விண்டோஸ் கீ, ஷிப்ட், எஸ் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். படங்களைக் கட்டுரைக்குள் ஒட்டாமல் தனி பைல்களாக, வரிசை எண் போட்டு அனுப்புங்கள். அனுப்பும் முன், நீங்கள் எழுதிய படிகளை வீட்டில் வேறு ஒருவரிடம் கொடுத்து அப்படியே செய்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே ஒரு வரி விட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

காசைப் பற்றிக் கேட்கலாமா?

நம் ஊரில் பலருக்கும் கூச்சம் இங்கேதான். கடையில் விலை கேட்காமல் கால் கிலோ கத்தரிக்காய் வாங்க மாட்டோம். ஆனால் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிய கட்டுரைக்கு என்ன தருவீர்கள் என்று கேட்க வாய் வராது. மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல ஆசிரியரும் கோபித்துக்கொள்ள மாட்டார். எவ்வளவு, எப்போது, கட்டுரையை வாங்கிக்கொண்டு வெளியிடாமல் விட்டால் என்ன, வேறு இடத்தில் மறுபடி வெளியிடலாமா என்ற நான்கையும் ஈமெயிலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இணையதளம் என் இரண்டு கட்டுரைகளுக்கு ஐந்து மாதம் பணம் தராமல் இழுத்தது. ஒப்புக்கொண்ட தொகை, தேதி இரண்டும் ஈமெயிலில் இருந்ததால், அதையே திரும்ப அனுப்பி வாங்க முடிந்தது. வாய்ப்பேச்சாக இருந்திருந்தால் கதை முடிந்திருக்கும்.

உரிமை பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 1957-ம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்யாத வெளி எழுத்தாளர் எழுதியதற்கு முதல் உரிமையாளர் அவரேதான். அந்த உரிமையை இன்னொருவருக்கு மாற்ற வேண்டுமென்றால் எழுத்து மூலம், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டுகள் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். எனவே யாராவது நீளமான ஒப்பந்தத்தை நீட்டினால், 'எல்லா உரிமைகளும், எக்காலத்துக்கும்' என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

"முதல் ஆறு மாதம் இலவசமாக எழுதுங்கள், பெயர் கிடைக்கும்" என்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது? இலவசமாக எழுதுவது தப்பில்லை. தமிழ் விக்கிபீடியாவில் 2003 முதல் எத்தனையோ பேர் ஒரு பைசா வாங்காமல் எழுதுகிறார்கள். ஆதாரம் காட்டி எழுதும் பழக்கம் அங்கே நன்றாக வரும், அதன் பயன் எல்லோருக்கும் போகிறது. ஆனால் உங்கள் பக்கத்தில் விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கும் ஒருவர், உங்களுக்கு மட்டும் பெயரைக் கொடுக்கிறேன் என்றால் யோசியுங்கள். பெயரை வைத்துக் கரண்ட் பில் கட்ட முடியாது.

கடைசியாகச் சில கணக்குகள்

இதில் எவ்வளவு வரும் என்ற உண்மையையும் சொல்லிவிட வேண்டும். என் அனுபவத்தில் தமிழ்க் கட்டுரை ஒன்றுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஓரிரு ஆயிரம் ரூபாய் வரை கிடைத்திருக்கிறது. ஆங்கில இணையதளங்களில் அதைவிட நன்றாகவே கிடைக்கும், ஆனால் திருத்தங்கள் மூன்று, நான்கு முறை வரும். என் இண்டர்நெட் கட்டணத்தையும் புத்தகச் செலவையும் எழுத்து பார்த்துக்கொள்கிறது. வீட்டு வாடகையைச் சம்பளம்தான் பார்க்கிறது. இதை நம்பி வேலையை விட வேண்டாம்.

வேலையில் இருப்பவர்கள் உங்கள் நியமனக் கடிதத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். 2022 செப்டம்பரில் விப்ரோ நிறுவனம், வேலையில் இருந்துகொண்டே போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்ததாக 300 பேரை நீக்கியது. பத்திரிகைக் கட்டுரை அந்த ரகம் அல்ல. இருந்தாலும் மேலாளரிடம் ஒரு ஈமெயிலில் அனுமதி வாங்கிவிடுவது நல்லது. நான் வாங்கி வைத்திருக்கிறேன்.

வரியும் உண்டு. ஒரே நிறுவனத்திடமிருந்து ஆண்டுக்குக் குறிப்பிட்ட வரம்புக்கு மேல் வாங்கினால், தொழில்முறைக் கட்டணம் என்று 10 சதவீதம் பிடித்துக்கொண்டு கொடுப்பார்கள். 2025 ஏப்ரலில் இந்த வரம்பு 30,000 ரூபாயிலிருந்து 50,000 ரூபாய் ஆனது. பான் எண் கொடுக்காவிட்டால் பிடித்தம் 20 சதவீதம். உங்கள் மொத்த வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால், ரிட்டர்ன் தாக்கல் செய்து பிடித்ததைத் திரும்ப வாங்கலாம். வெளிநாட்டிலிருந்து பணம் வாங்க பேபால் பயன்படும். அது 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள் நடக்கும் பணப் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. வெளிநாட்டுப் பணத்தை வாங்குவதற்குத் தடையில்லை. எந்த ஆசிரியரும் பணம் அனுப்புவதற்காக உங்களிடம் ஓடிபி எண்ணையோ யுபிஐ பின் எண்ணையோ கேட்க மாட்டார். பணம் வாங்க அவை தேவையே இல்லை.

இந்த வாரமே தொடங்க நினைப்பவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். கம்ப்யூட்டர் வாங்கிய நாளிலிருந்து நீங்களே முட்டி மோதித் தீர்த்த ஐந்து பிரச்னைகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும், இதைத் தெரிந்துகொள்ள யார் காசு கொடுப்பார் என்று ஒரு பெயர் எழுதுங்கள். அது பத்திரிகையாக இருக்கலாம், இணையதளமாக இருக்கலாம், உங்கள் ஊர் பில்லிங் சாப்ட்வேர்காரராகவும் இருக்கலாம். பெயர் எழுத முடிந்த இடத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

எங்கள் தெரு அக்கா புகார் கொடுத்துவிட்டார். 1,800 ரூபாய் இன்னும் வரவில்லை, ஆனால் அந்த மிரட்டல் மெசேஜ்கள் நின்றுவிட்டன. இப்போது மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கைக் கம்ப்யூட்டரில் வைப்பது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறார். குழுவில் ஏழு ஆண்டு கணக்கு எழுதியவர். தவணை தவறியவர்களைப் பெயர் சொல்லாமல் பட்டியல் போடுவது எப்படி என்று அதில் ஒரு பகுதி வைத்திருக்கிறார். அது எனக்குத் தெரியாத விஷயம். எந்த ஆசிரியரும் அதை விரும்பிப் படிப்பார் என்று நம்புகிறேன். நீங்களும் முயன்று பாருங்கள். வாழ்த்துக்கள்!